பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். ஒரு பொட்டுச் சிவப்பின் கதை சொல்கிறேன்.

இலங்கையில், பதுளைப் பக்கத்து மலைத்தோட்டம். மத்தியான மழை இப்போதுதான் விட்டு, தேயிலைச் செடிகளின் மேல் மஞ்சள் வெயில் விழுகிறது. பாரிசிலிருந்து வந்த ஓவியர் ஒருவர், ரோட்டோரம் மூன்றுகால் சட்டத்தில் ஓவியச் சீலையை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களை வரைகிறார். கண், மூக்கு எதுவும் வைப்பதில்லை; வெயிலையும் நிறத்தையும் அடுத்தடுத்துத் தொட்டு வைப்பதுதான் அவர்கள் ஊரில் புதிதாகக் கிளம்பியிருக்கும் பாணி. கொழுந்து நிறுக்கப் போகிற பொன்னாயி, முதுகுக் கூடையோடு நின்று பார்க்கிறாள். ஓவியத்தில், பெண்கள் நிரையின் கடைசியில், தோட்டத்தில் யாருமே நிற்காத இடத்தில், சின்னதாக ஒரு சிவப்பு.

"அது யாருங்க?"

கங்காணி மாடசாமி அரைகுறை இங்கிலீசில் கேட்டுச் சொல்கிறார். "யாருமில்லையாம். பச்சை எடுப்பா தெரியணும்னு தொட்டாராம். ஏன், ஒஞ்சொந்தக்காரியோ?"

பொன்னாயி சிரிக்கவில்லை. கப்பலேறக் கிளம்பிய அன்றைக்கு, முசிறியில் அக்காளிடம் விட்டுவந்த மகள் காமாட்சி சிவப்புப் பாவாடையில்தான் நின்றாள். ஓவியர் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். சிவப்பு அதிகம் என்று சுரண்டக் கத்தியை எடுக்கிறார்.

"தொரை, சுரண்டாதீங்க! அது எம்புள்ளைங்க. அங்கனயே நிக்கட்டும்."

மாடசாமி இந்த முறை கேலி பண்ணாமல் எடுத்துச் சொல்கிறார். ஓவியர் கத்தியைக் கீழே வைக்கிறார். பிறகு மனமிளகி, தூரிகையில் பழுப்பைத் தொட்டு, மற்றப் பெண்களுக்கு வைத்ததுபோல அந்தச் சிவப்பின் முதுகிலும் ஒரு கூடை வைக்கப் போகிறார். பொன்னாயி பதறிக் குறுக்கே கை நீட்டுகிறாள்.

"கூடை மட்டும் வேணாங்க."

ஈரச் சிவப்பு வெயிலில் மினுங்குகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் உங்கள் கண்ணெதிரே, முதுகில் சுமையில்லாமல் வளரட்டும், கண்ணுகளா.