பிரபு, இது நீங்கள்தானா?

ஆரோக்கிய பிரபுவைப் பழனிவேல் கடைசியாக உயிரோடு பார்த்தது, அரியலூரில் அவனுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில். பழனிவேலின் மகள் வெற்றிச்செல்வியின் லேப்டாப்பை மூடி அவர் கையில் கொடுத்தான்.

"எழுத்தைப் படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர் போட்டுட்டேண்ணே. பாப்பாவுக்கு இனிமே யாரும் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்ட வேணாம். அது பாட்டுக்குப் படிக்கும்."

"எவ்வளவு தம்பி?"

"காசா? இது திருட்டுக் காப்பிண்ணே. வெளிய மூச்சு விட்டுடாதீங்க."

பழனிவேல் சிரித்தார். "ஞாயித்துக்கெழமையானா கோயில்ல மொத வரிசை. இதெல்லாம் உங்க பாதருக்குத் தெரியுமா?"

"அவர் கம்ப்யூட்டருக்கும் நான்தாண்ணே போட்டேன்" என்று கண்ணடித்தான்.

மறுவாரமே லாரி மோதிப் போய்விட்டான்.

பழனிவேல் அடக்கத்துக்குப் போகவில்லை. திருட்டுக் காப்பி வாங்கினது யார் யார் என்று அங்கே பேச்சு கிளம்பினால்? ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை கேட்டில் காவல் வேலை பார்க்கிறவருக்கு அது தலைகுனிவு.

வெற்றிச்செல்விக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. குரூப் ஃபோர் பரீட்சை நெருங்கியது. எந்நேரமும் ஹெட்போனும் காதுமாக இருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம், "அப்பா, இங்க வாங்களேன்" என்றாள். குரல் சரியில்லை. ஹெட்போனைப் பிடுங்கிவிட்டுச் சத்தமாக வைத்தாள்.

சோழர் காலத்து ஊர்ச்சபையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த ஆண் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. பிறகு, ஏற்ற இறக்கமே இல்லாமல் கேட்டது.

"பிரபு, இது நீங்கள்தானா?"

அதே குரல் தொடர்ந்தது.

"பிரபு, சில வாரங்களாக உங்களிடமிருந்து பதில் இல்லை. உங்கள் கைபேசிக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம். அதை உள்ளிடுங்கள்."

"செத்தவரைக் கூப்புடுதுப்பா."

"கம்பெனிக்காரன் திருடனைத் தேடுறான்டி. இப்படித்தான் வலை விரிப்பானுங்களாம்."

"கேஸ் போடுவாங்களா? போட்டா என்னைப் பரீட்சை எழுத விடுவாங்களா?"

அவர் லேப்டாப்பை மூடினார்.

மறுநாள் அது ஒரு வரிகூடப் படிக்கவில்லை. திறக்கும்போதெல்லாம் அதே கேள்வி. பிரபு, இது நீங்கள்தானா? மூடி வைத்த பிறகும் வீட்டுக்குள் அந்தக் குரல் நிற்கிற மாதிரி இருந்தது.

கேஸ் பயத்தையும் மீறி, அந்த எண் வந்த போனைத் தேடிப் பழனிவேல் பிரபுவின் ஊரான ஏலாக்குறிச்சிக்கு பஸ் ஏறினார்.

"வாங்கண்ணே" என்றாள் பிரபுவின் மனைவி ரீனா. அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் பீரோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த போனா? நேத்துலேருந்து உள்ள அதிர்ந்துக்கிட்டே கெடக்குண்ணே. அணைக்க மனசு வரல, சார்ஜ் மட்டும் போட்டு வெப்பேன். எடுத்துப் பாக்கவும் பயம். போன ஆளை இன்னும் யாரு தேடுறா?"

பழனிவேல் தன் போனில் மகளை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். "இன்னொரு தடவ அந்த எண்ணை அனுப்பச் சொல்லும்மா."

பீரோவுக்குள் துணிகளுக்கு நடுவே ஏதோ உறுமியது. ரீனா சிலுவை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். போனைப் பார்த்து எண்ணைச் சொன்னாள். அந்தப் பக்கம் வெற்றிச்செல்வி தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, பிரபுவின் வீட்டுக்குள் அதே குரல்.

"பிரபு, நீங்கள் திரும்பி வந்ததில் மகிழ்ச்சி."

ரீனா மறுபடி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"உங்கள் பிரதி அசலானது. உரிமக் கட்டணம் செலுத்தியதற்கு நன்றி."

பழனிவேல் போனையே பார்த்தார். "அசலா? திருட்டுக் காப்பின்னுதானே தம்பி சொன்னிச்சு?"

"காசு கட்டித்தாண்ணே வாங்கினாரு. என்கிட்ட வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு." ரீனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "'நான் வாங்கித் தர்றேன்னு சொன்னா அந்த மனுசன் ரோசப்பட்டு வாசலோட திருப்பி அனுப்பிடுவாரு. திருட்டுன்னு சொன்னேன், மறுபேச்சு இல்லாம வாங்கிக்கிட்டாரு'ன்னு."

பிரபு கட்டிய உரிமம் வருகிற ஆடி வரைக்கும் இருக்கிறது; அதுவரை வெற்றிச்செல்விக்கு அது படித்துக் காட்டும்.