லின்வுட் புகழ்ந்த பிளேடு

"இந்தச் சிவப்புப் பெட்டியை எடுத்துக்க ஹாலிஸ். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்க" என்றான் லின்வுட்.

கண்ணை மூடச் சொல்கிறவனிடம் நான் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

அவன் இரும்புக்கடைக் கல்லா மேல் இரண்டு டாடோ செட் இருந்தது. அலமாரித் தட்டு உட்காருவதற்குப் பலகையில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்கிற பிளேடு. ஒன்று சிவப்புப் பெட்டி, ஒன்று கறுப்புப் பெட்டி. கறுப்பு இரண்டு மடங்கு விலை.

இரண்டு மடங்கு என்றால் அதன் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் இன்றைக்கு ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். இந்த வருஷம் என் மனைவி ஐடெல்லா நூற்றுப் பதினெட்டு ஜாடி போட்டிருக்கிறாள். பீட்ரூட் ஊறுகாய், பீன்ஸ், ஆப்பிள் கூழ். எல்லாம் நிலவறைப் படிக்கட்டில் வரிசையாக நிற்கிறது. கீழே போக வேண்டுமென்றால் நான் ஆடு மாதிரி ஒரு ஓரமாக இறங்க வேண்டும். அலமாரி செய்து தருகிறேன் என்று அவளிடம் சொல்லி ஏழு வருஷம் ஆகிறது.

நேற்றுக் காலை அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அலமாரி நிக்கலேன்னா ராய்ஸைக் கூப்பிட்டுச் செஞ்சுக்கப் போறேன்" என்றாள்.

ராய்ஸ் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். அந்தக் காலத்தில் ஐடெல்லாவை எனக்கு முன்னால் நடனத்துக்கு அழைத்துப் போனவன். அவனைக் கூப்பிட்டால் வருவான். சீட்டியடித்துக்கொண்டு அரை நாளில் முடித்தும் விடுவான். அப்புறம் நான் சாகும்வரை ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் விருந்திலும், "என் அலமாரி எப்படி இருக்கு ஹாலிஸ்?" என்று கேட்பான்.

அதற்குப் பதில் ஜாடிகள் படிக்கட்டிலேயே இருக்கட்டும்.

லின்வுட் கடையில் வெட்டிப் பார்த்துத்தான் பிளேடு வாங்குவோம். பின்னால் ஒரு மேசை ரம்பம் போட்டிருக்கிறான். கட்டையை அவரவர் கொண்டுபோக வேண்டும். அவனும் ஒரு மேப்பிள் கட்டை வைத்திருக்கிறான். அதை நம்பி வாங்கினவன் கெட்டான். மேப்பிள் கெட்டி மரம். எந்தப் பிளேடும் அதில் யோக்கியன் மாதிரி நடந்துகொள்ளும். பைன் மெத்தென்ற மரம். அதன் குறுக்கே வெட்டினால்தான் பிளேடின் யோக்கியதை தெரியும்.

நான் கோட்டுக்குள் இரண்டு பைன் துண்டு கொண்டுபோயிருந்தேன்.

முதலில் சிவப்பு. காடியின் இரண்டு ஓரமும் நாய் கடித்த மாதிரி வந்தது. சிலாம்பு எழுந்து நின்றது.

"அது பிளேடு குத்தமில்ல, உன் கட்டை குத்தம்" என்றான் லின்வுட். "உப்புத்தாள் போட்டுத் தேச்சா போச்சு. என் வீட்டுலயே இதைத்தான் வச்சிருக்கேன்."

லின்வுட் பேசுகிற ஆளே இல்லை. அரைக் கிலோ ஆணி கேட்டால் விரலால் மூலையைக் காட்டுவான், அவ்வளவுதான். இன்றைக்கு வாய் ஓயவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. விற்காத சரக்கு. என் தலையில் கட்டப் பார்க்கிறான்.

"கறுப்பை மாட்டு."

"அது உனக்கெதுக்குய்யா? அது தொழில் தெரிஞ்ச தச்சனுங்க வாங்கறது."

"மாட்டுன்னா மாட்டு."

மாட்டினான். அதில் பல் அதிகம். சத்தமே வேறு மாதிரி இருந்தது. ஓரம் இரண்டும் பென்சிலால் கோடு போட்ட மாதிரி வந்தது. காடியின் அடியில் நகத்தை ஓட்டினேன். எங்கேயும் தடுக்கவில்லை. இன்னொரு பைன் துண்டை அதில் செருகித் தலைகீழாகப் பிடித்து ஆட்டினேன். விழவில்லை.

"சிவப்புன்னா பாதிக் காசு மிச்சம்யா. நல்லா யோசிச்சுக்க" என்றான். முகத்தை இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி வைத்துக்கொண்டான்.

"சிவப்பை நீயே வச்சுக் கும்புடு. கறுப்பைக் கட்டு."

ஒரு வியாபாரியை ஜெயித்துவிட்டுப் பர்ஸைத் திறப்பதில் உள்ள சுகம் வேறு எதிலும் இல்லை.

லின்வுட் பணத்தை வாங்கவில்லை. குனிந்து, கல்லாவுக்கு அடியிலிருந்து பழுப்புத்தாளில் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தான். ஓரத்தைக் கிழித்துப் பார்த்தேன். கறுப்புப் பெட்டி.

"பணம் வந்தாச்சு" என்றான். "செவ்வாக்கிழமையே ஐடெல்லா வந்தா. அவளும் ரெண்டு துண்டு பைன் கொண்டாந்தா. ரெண்டு பிளேடையும் போட்டு வெட்டிப் பாத்துட்டு இதைத்தான் எடுத்தா."

"அப்புறம் எதுக்குய்யா ஒரு மணி நேரமா சிவப்பு சிவப்புன்னு உயிரை வாங்கினே?"

"அவதான் சொல்லிட்டுப் போனா. 'நீ எதை நல்லதுன்னு சொல்றியோ அதை அந்த மனுஷன் தொடமாட்டாரு. சிவப்பைப் புகழ்ந்துக்கிட்டே இரு, போதும்'னு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. இன்னும் இரண்டு முழு நாள் இருந்தது. ராய்ஸ் அவன் வீட்டிலேயே உட்கார்ந்து சீட்டியடிக்கட்டும்.

பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். லின்வுட் ஒரு மஞ்சள் பசைப் பாட்டிலை எடுத்துக் கல்லா மேல் வைத்தான்.

"பைனுக்கு இதுதான் நல்ல பசை" என்றான்.

நான் பாட்டிலைப் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். மறுபடியும் பாட்டிலைப் பார்த்தேன்.

"பசையைப் பத்தியும் ஏதாவது சொல்லிட்டுப் போனாளா?" என்று கேட்டேன்.

லின்வுட் விரலால் வாசலைக் காட்டினான்.