தெருமுனைக் கிறீச்

"கிறீ...ச்ச்!"

தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் மாமனாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"வந்துட்டார் உன் அருமை மாப்பிள்ளை!" என்றார் மனைவியிடம்.

"மெதுவாப் பேசுங்க. அவர் காதுல விழப் போகுது."

"அந்த டயர் கத்துற கத்துல அவருக்கு எது காதுல விழும்?"

மாமனார் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு காலாற நடக்கும்போதுகூடக் கையைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார் என்று மனைவி கேலி செய்வாள். அப்பேர்ப்பட்டவருக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை. ரெண்டே சீட்டு, தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார். தெருவின் வேகத்தடையில் அடி தட்டும் என்பதால் முனையைத் திரும்பியதுமே ஓரமாக நிறுத்திவிட்டு மகளும் மாப்பிள்ளையும் நடந்து வருவார்கள். கார் சாவி மாப்பிள்ளை விரலில் சுழன்றுகொண்டே வரும்.

இன்றைக்கு மாமனாரால் பொறுக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"ஆமை வேகத்துல திரும்பினாலும் கத்துதுன்னா, டிஃபரன்ஷியலை வெல்டு வச்சிருக்கீங்க. சரிதானே மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை ஒருமுறை மனைவியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "ஆமாம் மாமா."

"வளைவுல வெளிச் சக்கரம் கூட ஓடணும், உள் சக்கரம் குறைச்சு ஓடணும். அதுக்குத்தானே அதை வச்சிருக்கான்? ரெண்டையும் ஒண்ணாப் பத்த வச்சுட்டா டயர் இழுபடாம என்ன செய்யும்?"

"சறுக்கி ஓட்டற போட்டிக்கு... பின் சக்கரம் ரெண்டும்... ஒண்ணாச் சுத்தினாத்தான் நல்லதாம் மாமா," என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார் மாப்பிள்ளை.

"பக்கத்து சீட்டுல என் பொண்ணு உட்கார்ந்திருக்கா. அந்த நினைப்பு இருக்கா உங்களுக்கு?"

"அப்பா, அது வந்து..." என்று மகள் வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் தண்ணி கொண்டு வாயேன்," என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டார் மாப்பிள்ளை. "தப்புதான் மாமா. பார்த்துக்கறேன்."

மாமனாருக்கு அன்றைக்கெல்லாம் மனசு ஆறவில்லை. மகள் காலேஜ் படிக்கும்போது சிநேகிதியின் காரை மைதானத்தில் வட்டமடித்து, மதிலில் கொண்டுபோய் இடித்தாள். மூன்று மாதம் அவளோடு அவர் பேசவில்லை. அதற்கப்புறம் கார் என்ற பேச்சையே அவள் எடுத்ததில்லை. அப்படிக் கட்டுப்பாடாக வளர்த்த பெண்ணை இப்படி ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டோமே என்று புழுங்கினார்.

காரின் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பட்டறை விலாசம் அவருக்கு மனப்பாடம். மறுநாள் காலையில் நேரே அங்கே போய் நின்றார்.

அதே கார் ஜாக்கியில் ஏறி நின்றது. அடியில் மெக்கானிக்கின் கால்கள் மட்டும் தெரிந்தன. மாமனார் ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். வெல்டு இல்லாவிட்டால் அந்தப் பக்கச் சக்கரம் எதிர்த் திசையில் சுற்றியிருக்க வேண்டும். இதுவோ அச்சுப் பிசகாமல் கூடவே சுற்றியது.

"யாருய்யா இதுக்கு வெல்டு வச்சது?"

"ஏன் சார், நல்லா இல்லையா?" என்றது அடியிலிருந்து ஒரு குரல். "என் மெஷினை வாங்கி அந்தம்மாவே வச்சாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு விரிசல் இல்ல."

"எந்த அம்மா?"

"வண்டிக்காரம்மாதான்."

"அப்ப அவங்க வீட்டுக்காரர்?"

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். படுத்திருந்ததால் இன்னும் விழ இடமில்லை, அவ்வளவுதான்.

"அவருக்கு சைக்கிளே தகராறு சார். லைசென்ஸே கிடையாது. அந்தம்மா மைதானத்துல வண்டியைச் சுழட்டறப்ப கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா'ன்னு என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். மாமனார் வீட்டுக்குப் போறப்ப மட்டும் வண்டியை விட்டு இறங்கினதும் சாவியை இவர் வாங்கிக்குவாராம்."

"எதுக்கு?"

"நானும் கேட்டேன். 'மாமா என்னைத் திட்டினா அரை மணியில மறந்துடுவார். அவகிட்ட கோவிச்சுக்கிட்டா மூணு மாசம் பேச மாட்டார். அவ அழுவா, அவரும் சாப்பிடாம இளைச்சுப் போவார்'னாரு." மெக்கானிக் வெளியே வந்து எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆமா, நீங்க யாரு சார்?"

மாமனார் குனிந்து ஓட்டுநர் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"அந்தம்மா தலைக்கு என்ன போட்டுக்குது?"

"என் பழைய ஹெல்மெட்டுதான். அவங்களுக்குத் தொளதொளன்னு ஆடும்."

அடுத்த ஞாயிறு.

"கிறீ...ச்ச்!"

முதல் தடவையாக மாமனார் அந்தத் திருப்பத்தைக் காது கொடுத்துக் கேட்டார். தயக்கம் இல்லை, தடுமாற்றம் இல்லை. ஒரே வீச்சில் திரும்பியிருந்தது வண்டி. ஓட்டுநர் வீட்டுப் பெண், வேறெப்படி ஓட்டுவாள்? அவருக்குப் பெருமையாக இருந்தது. அதைவிட வெட்கமாகவும் இருந்தது.

மாப்பிள்ளை சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை," என்று ஒரு பெட்டியை நீட்டினார் மாமனார்.

உள்ளே புத்தம் புது ஹெல்மெட். மாப்பிள்ளை மரியாதைக்கு மாட்டிப் பார்த்தார். அது காதைத் தாண்டி இறங்க மாட்டேன் என்றது. மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"கொஞ்சம் சின்னதா இருக்கு மாமா..."

"இருக்கும் மாப்பிள்ளை. வண்டி ஓட்டறவ தலைக்குல்ல அளவு பார்த்து வாங்கினேன்!"