சொந்தக்காரர் இல்லாத ஆறு

“கொலோனில நிக்கிற கப்பல் எண்டால் எனக்கு வேண்டாம்” என்றாள் விமலா.

சிட்னி நார்த்மீட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கப்பல் புத்தகங்கள் விரிந்து கிடந்தன. ஐரோப்பாவின் ஆற்றில் மிதந்துகொண்டே கிறிஸ்மஸ் சந்தைகள் பார்க்கலாம். ஒன்று ரைன் நதி. மற்றது டானியூப்.

“ரைன்தானே வடிவு?” என்றார் கணவர் சிறிதரன்.

“வடிவுதான். ஆனா கொலோனில உங்கட அக்கா. ஸ்ட்ராஸ்பூர்க்கில என்ர சித்தப்பா. பாசலில மச்சாள். இறங்கிற இடமெல்லாம் ஒரு ஆள் இடியப்பப் பெட்டியோட நிக்கும். நாங்கள் சந்தை பாத்த மாதிரித்தான்.”

சிறிதரன் மறுக்கவில்லை. சிட்னியிலிருந்து ஐரோப்பா போய் வந்தவர்களை அவருக்குத் தெரியும். பாரிஸில் மூன்று குசினி, லண்டனில் நான்கு வரவேற்பறை, முன்பின் தெரியாத ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டு வீடியோ. அவர்கள் கண்ட ஐரோப்பா அவ்வளவுதான். ஹோட்டலில் தங்கினால் சொந்தக்காரர் ஆயுளுக்கும் கதைக்க மாட்டார்கள். கப்பலில் தங்கினால் வாயைத் திறக்க முடியாது. கப்பல் யாருக்காகவும் காத்து நிற்காதே.

“அதுகும் உங்கட அக்கா இருக்கிறாவே,” விமலா விடவில்லை. “போனால் தன்ர கட்டிலை எங்களுக்குத் தந்திட்டுத் தான் நிலத்தில படுப்பா. விடிய எழும்பி அவவுக்கு முகம் குடுக்கேலாமல் கிடக்கும். லீவில போய் உந்தக் கரைச்சல் தேவையே?”

அந்தக் கட்டிலைச் சிறிதரனுக்குத் தெரியும். எண்பத்தைந்தில், ஜேர்மனி அகதி விடுதியில் லெட்சுமி அக்காவுக்குக் கிடைத்தது ஒரேயொரு கட்டில். ஆஸ்திரேலியாவுக்கு வரும்வரை ஒன்பது மாதம் அதில் படுத்தவர் சிறிதரன்தான்; அக்கா நிலத்தில். அதை இப்போது எடுத்துக் கதைக்க வேண்டாம் என்று விட்டார்.

“அப்ப டானியூப் பாப்பம்.”

விமலா பேனையை எடுத்தாள். பசாவ், லின்ஸ், வியன்னா, புடாபெஸ்ட். ஒவ்வொரு ஊராக இருவரும் யோசித்து யோசித்துச் சரி போட்டார்கள். ஓரிடத்திலும் ஒருவரும் இல்லை.

“பசாவ் ஜேர்மனியல்லோ?” என்றார் சிறிதரன்.

“ஜேர்மனி எண்டால் என்ன? கொலோன் எங்க, இது எங்க? அக்காவுக்கு ஆர் சொல்லப்போறது?”

ஒருவரும் சொல்லவில்லை. மூன்று வருடமாக அவவுக்கு ஒரு ஃபோன்கூட எடுக்காதவர்களுக்கு அது பெரிய வேலையா என்ன?

ஜனவரி மாதம். நார்த்மீட்டில் வெயில் நாற்பதைத் தாண்டியிருக்க, டிவியில் அவர்கள் பயணத்தில் எடுத்த பனி கொட்டும் படங்கள் ஓடின. பார்க்க வந்திருந்தவர் குவேக்கர்ஸ் ஹில் கல்யாணசுந்தரம். சிறிதரனின் ஊர்க்காரர். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற ஊர்ச்சனத்துக்கெல்லாம் புதுவருடத்துக்கு ஃபோன் எடுக்கிற மனிசன். பழைய ரேடியோ என்பாள் விமலா, அவர் போன பிறகு.

“இது வியன்னாச் சந்தை, அண்ணை. இதில வைனைச் சுட வைச்சு விக்கிறாங்கள். இவர் கொத்தமல்லித் தண்ணி குடிக்கிற முகத்தோட குடிச்சவர்.”

“ஒரு சொந்தக்காரரும் உங்களை மடக்கிப் பிடிக்கேல்லையோ?”

“ஒருத்தருமில்லை. அப்பிடிப் பாத்தெல்லோ ஆத்தையே தெரிவு செய்தனாங்கள்” என்றாள் விமலா பெருமையோடு. அடுத்த படத்தில் ஒரு கட்டில். “இது எங்கட அறை. எல்லாம் திறம். முதல் நாள் விரிச்சவள்தான் சரியான சோம்பேறி. கால்மாட்டில போர்வையைச் செருகவே இல்லை, அப்பிடியே தொங்க விட்டிட்டுப் போயிட்டாள். நான் விடுவனே? கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுத்தனான். அடுத்த நாளிலயிருந்து வேற ஆள்.”

அந்த முதல் நாள்தான் சிறிதரன் கப்பலில் நன்றாக நித்திரை கொண்டார். மற்ற நாளெல்லாம் இறுக்கிச் செருகிய போர்வையோடு மல்லுக்கட்டியதுதான் மிச்சம்.

“எங்க கப்பல் ஏறினனீங்கள்?”

“பசாவில.”

“பசாவிலயோ?” கல்யாணசுந்தரம் கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார். “அப்ப லெட்சுமி அக்காவைக் கண்டிருப்பியளே.”

“அவ கொலோனில அல்லோ?” என்றார் சிறிதரன்.

“அது எப்பத்தையான் கதை? வேலை செய்த உடுப்புத் தோய்க்கிற லோன்றியைப் பூட்டிப்போட்டாங்கள். ரெண்டு வருசமா பசாவிலதான். உந்த ஆத்துக் கப்பல்களில அறை துப்புரவாக்கிற வேலை. உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

ரிமோட் விமலாவின் கையில் அப்படியே இருந்தது. டிவியில் கட்டில் அசையாமல் நின்றது.

“போன கிழமைதான் கதைச்சனான். டிசம்பரில ஒரு கிழமை லீவு போட்டவவாம். சந்தை நடக்கிற நேரம் உங்களுக்கு என்ன லீவு எண்டு கேட்டன். ‘கப்பல் லிஸ்ட்டில எங்கட ஆக்களின்ர பேரைக் கண்டனான். எனக்குச் சொல்லாமல் வருகினம். நான் வாளியோட முன்னால நிண்டால் அவைக்குச் சங்கடம்’ எண்டா. ஆரெண்டு கேட்டன். சொல்லேல்லை.”

சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. டிவியைப் பார்த்தார். பிறகு சிறிதரனைப் பார்த்தார்.

“லீவு எண்டால் அவ கப்பலுக்கு வந்திருக்கமாட்டாதானே?” விமலா அவசரமாகக் கேட்டாள்.

“கப்பல் வெளிக்கிட முதல் ஒரே ஒரு அறையின்ர கட்டிலை மட்டும் விரிச்சிட்டு இறங்கினவவாம். அதுக்கும் ஆரோ கம்ப்ளெய்ன்ட் எழுதி, திரும்பிப் போன அண்டைக்கு நல்ல பேச்சு. ‘இத்தனை வருசம் வேலை செய்யிறியள், போர்வை செருகத் தெரியாதோ அக்கா’ எண்டு நானும் ஏசினன்...”

“என்ன சொன்னவ?” என்றார் சிறிதரன்.

“சிரிச்சா. ‘காலை மூடினால் அவனுக்கு நித்திரை வராது’ எண்டா.”