பிழையில்லாத நகல்

"ஒரு துளிகூட விடலக்கா. சிடில கீறல் இருந்த எடத்தையெல்லாம் திரும்பத் திரும்பப் படிக்க வச்சு எடுத்தேன். அச்சு அசல்!" என்று பென்டிரைவை நீட்டினேன். எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா அதை வாங்கவில்லை.

"சிடி எங்கடா?"

"இனிமே அது எதுக்குக்கா?"

"பாட்டெல்லாம் என் போன்லயே கெடக்கு. நீ காப்பி எடுக்க ஆசப்பட்டு நச்சரிச்சேன்னுதான் குடுத்தேன். பிராங்க்ளின் கைப்பட எழுதுன சிடிடா அது."

பிராங்க்ளின் அவளுடைய தம்பி. போன வருடம் பைக் விபத்தில் இறந்துபோனவன்.

நான் பால்கனிக்குப் போனேன். புறா அண்டாமலிருக்க இரண்டு மாதமாகக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த சிடியை அவிழ்த்து வந்து நீட்டினேன். வெயிலிலும் மழையிலும் மார்க்கர் எழுத்து முழுக்கப் போயிருந்தது.

அக்கா திட்டுவாள் என்று நின்றேன். அவள் முந்தானையால் புறா எச்சத்தைத் துடைத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எது மேல், எது கீழ் என்று தெரியாமல் வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இங்கதானடா எழுதியிருந்தான், என் பேர?"

"ஆமாக்கா, அங்கதான்" என்றேன்.

அந்த எழுத்தை நான் ஒருநாளும் படித்ததில்லை.