பின் சீட்டில் மூன்று பேர்

"பின் சீட்டுல மூணு பேரை உட்கார வச்சு மேட்டுல ஏத்திப் பாக்கணும்" என்றேன்.

கேட்டே விட்டேன். கார் வாங்க அக்குறணைக்கு வரும் பஸ்ஸில் அப்பா இந்த ஒன்றைத்தான் வேண்டாம் என்றிருந்தார். "வேற என்ன வேணாலும் கேளு பாப்பா. மேட்டுல ஏத்திக் காட்டச் சொல்லி மட்டும் கேக்காத."

ஏன் என்றதற்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வாகனம் வாங்க வந்தால் குடும்பத்தையே ஏற்றி மேட்டில் விட்டுப் பார்ப்பது தேயிலைத் தோட்டத்து ஆட்கள்தான். கேட்டவுடனே எங்கிருந்து வருகிறோம் என்று தெரிந்துவிடும். அப்பாவுக்கு அந்தப் பயம். கார் விற்கிற கடைக்குள் வருவதற்கு, கண்ணாடிக் கதவடியில் செருப்பைக் கழற்றி வைத்த மனிதர்.

அதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் எப்போதும் கோபமாகத்தான் வரும். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கெம்பஸ் போன முதல் ஆள் நான். வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டேன்.

கடை முதலாளி ஸெய்னுலாப்தீன் நானா சிரித்தார்.

"மூணு பேரா? என்ன மிஸ், வேன் ஒண்டு காட்டவா?"

லீசிங் கடன் அலுவலெல்லாம் முடிந்திருந்தது. எந்த எஞ்சின் என்பதுதான் மிச்சம். வெள்ளைக் கார் அறுநூற்று அறுபது சிசி. பக்கத்தில் நின்ற சாம்பல் நிறம் ஆயிரம்.

எனக்கு வேலை மாவனல்லையில். வீடு கெலிஓயாவுக்கு மேலே, தோட்டத்து ரோடு முடிகிற இடத்தில். பஸ் மாறி மாறிக் கடுகண்ணாவை மலைச்சரிவில் இறங்கிப் போய், மாலையில் அதே ஏற்றத்தில் நின்றுகொண்டே திரும்பி வருகிறேன். கார் வந்தால் இருட்டுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதுதான் வீட்டில் பேச்சு. பின் சீட்டில் யார் யார் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். ஜன்னலோரம் அவள், நடுவில் தம்பி, அந்தப் பக்கம் அப்பா.

"தனி ஆளா கடுகண்ணாவ ஏறுறதுக்கு வெள்ளையே காணும்" என்றார் நானா. "ஏசிய ஓஃப் பண்ணினா பாடிக்கொண்டு ஏறும். நாளாந்தம் ஓடுறதுக்கு பெட்ரோலும் மிச்சம். நாலு பேரோட தோட்டத்து ரோட்டுல ஏத்துறதெண்டாத்தான் ஆயிரம் வேணும்."

கொஞ்சம் நிறுத்தினார்.

"ஒங்களுக்கு என்னத்துக்கு மிஸ் மேடு? ஒங்கட வீடு டவுனுக்குள்ள பேராதன ரோட்டுல தானே. றலியா சொன்னா."

றலியா அவருடைய மனைவி. ஒஃபிஸில் எனக்குப் பக்கத்து மேசை. வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் எங்கே வீடு என்று கேட்டபோது என் வாயில் வந்தது பேராதனை ரோடு. அதற்குப் பிறகு நான் அதைத் திருத்தவேயில்லை.

அப்பா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சீலைப் பை. டவுனில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பஸ்ஸிலும் அதைக் கீழே வைக்கவில்லை.

நானா அவர் பக்கம் திரும்பினார். "இவர்?"

கண்டக்டரோடும் விரிவுரையாளரோடும் சண்டை பிடித்த வாய் இது. என்னிடம் சரியாக நடக்காத ஒருவரையும் விட்டதில்லை. இப்போது அந்த வாய் அப்படியே மூடிக்கொண்டிருந்தது.

அப்பா எழுந்து நின்றார்.

"நான் சும்மா தொணைக்கு வந்தேங்க மொதலாளி. மிஸ் டவுன்லதான் இருக்காங்க. மேடெல்லாம் பாக்கத் தேவையில்லீங்க. அவங்களுக்குச் சின்னதே போதும்."

நான் பிறந்ததிலிருந்து என்னை வா, போ, பாப்பா என்று மட்டுமே கூப்பிட்டவர்.

நானா என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். வெள்ளையின் சாவியை எடுக்க அவர் உள் அறைக்குப் போனார்.

எனக்கு வேண்டியதும் வெள்ளைதான்.

அது மேட்டில் திணற வேண்டும். பின் சீட்டில் இருந்தபடி அப்பா அதைப் பார்க்க வேண்டும். "பாருங்கப்பா, நம்ம மேட்டுக்கு இது ஏறாது. பெரிசுக்குப் பெட்ரோல் கட்டுப்படியாகாது. டவுன்லயே தங்காம நான் வேற என்ன செய்ய?" என்று சொல்ல வேண்டும். நேற்றே வசனத்தைக்கூடப் பாடமாக்கி வைத்திருந்தேன். பேராதனை ரோட்டில் எடுத்த அறையின் சாவி போன வாரத்திலிருந்து என் கைப்பையில் கிடக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அப்பா வெறுங்காலோடு வெள்ளைக் காரிடம் போனார். பின் கதவைத் திறந்தார். அம்மா தனக்கென்று பிடித்து வைத்திருந்த ஜன்னலோரத்தில் அந்தப் பையை வைத்தார். பையின் வாய் மெல்ல விரிந்தது.

என் தலையணை. அம்மா உறையைத் துவைத்துப் போட்டிருந்தாள். அறை எடுத்தது வீட்டில் தெரிந்திருக்கிறது.

நானா சாவியோடு திரும்பி வந்தார். அப்பா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, நானாவின் காதிலும் விழும்படி என்னிடம் கேட்டார்.

"அங்க வண்டி நிறுத்த எடம் இருக்குங்களா மிஸ்?"

"இருக்கு."

கண்ணாடிக் கதவடியில் அவருடைய செருப்பு கிடந்தது. அதைத் தாண்டி வெளியே நடந்தேன்.