வேகாத கொள்ளு

கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள். சூப் விஷயம் இது, ஆறிப்போவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

வெலிங்டனில் பட்டாளத்து ஆபீஸ் ஊழியர்களுக்கென்று குவார்ட்டர்ஸ். ஒரே வரிசையில் எட்டு வீடு. மழைக்காலம் வந்துவிட்டால் அங்கே ஒரு வழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் சூப் வைப்பார்கள். மற்ற ஏழு வீடும் டம்ளரோடு வந்து நிற்கும். குடித்துவிட்டு, எப்படி வைத்தாய் என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். போன வாரம் உமாராணியின் கேரட் சூப். அதற்கு முந்தின வாரம் ரொனால்ட் வீட்டுக் கோழி சூப்.

இந்த வாரம் ரேகாவின் முறை. பெருந்துறையிலிருந்து மலையேறி வந்து பத்து நாள்தான் ஆகிறது.

"என்ன சூப்பு வெக்கப் போற?" துணி காயப்போடும் இடத்தில் உமாராணி கேட்டாள்.

"கொள்ளு சூப்புங்கக்கா. வறுத்து, ராத்திரியே ஊறப்போட்டு, எங்கம்மா குடுத்த சட்டியில வேக வெச்சு..."

"சட்டியிலயா? இல்ல ரேகா, இந்த ஊர்ல..."

"எங்க ஊட்டுல குக்கரே கெடையாதுங்கக்கா. விசில் அடிச்சு வெந்தா அது கொள்ளா? நான் வெச்சா வெண்ணெயாட்டம் வெந்துரும், பாருங்க."

உமாராணி மறுபடி வாயைத் திறந்தாள். கடைசி வீட்டு மருதாம்பாள் குறுக்கே புகுந்தாள்.

"விடு உமா. அம்மிணி வெக்கட்டும். அந்த வெண்ணெய நாமளுந்தான் பாப்போமே."

ரேகாவுக்குச் சுருக்கென்றது. இந்த மருதாம்பாளைப் பற்றி வந்த அன்றைக்கே சொல்லியிருந்தார்கள். யார் வைத்த சூப்பிலும் முதல் மடக்கிலேயே குற்றம் கண்டுபிடிப்பாளாம்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கொள்ளு அடுப்பில் ஏறியது. சட்டி தளதளவென்று கொதித்தது. ஒரு மணிக்கு ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடுக்கென்றது. இரண்டரை மணிக்கும் அதே கடுக்.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பழைய கொள்ளா இருக்கும். கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்."

"நீ கட்டிக் குடுத்த கொள்ளுதாம்மா."

"அப்படின்னா கேஸ் சரியில்ல. தீய நல்லா வெய்யி."

தீ பெரிதாயிற்று. கொள்ளு மசியவில்லை. தண்ணீர் என்னமோ ஊரைவிடச் சீக்கிரமே கொதிக்கிறது; கொள்ளு மட்டும் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது? ரேகாவுக்குப் பிடிபடவே இல்லை. ஐந்து மணிக்கு ஏழு வீடும் வந்து நிற்கும். அவள் புருஷன் ரமணன் வேறு ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். இப்போது போய் குக்கர் இரவல் கேட்டால், இனி இந்த வரிசையில் தலைநிமிர்ந்து துணி காயப்போட முடியுமா?

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மருதாம்பாள்.

"அம்மிணி, கேட்ல உன் பேருக்குப் பார்சல் வந்திருக்குதாம். நீயே வந்து கையெழுத்துப் போடோணுமாம். ஓடு."

"அடுப்புல சட்டி..."

"நான் பாத்துக்கறேன். உன் வெண்ணெய ஒண்ணும் முழுங்கிர மாட்டேன்."

கேட்டுக்கு இறங்கக் கால் மணி, ஏற அரை மணி. காவலுக்கு இருந்த இருளப்பன் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"உங்க பேருக்கு ஒண்ணுமே வரலீங்களே."

ரேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூறலில் நனைந்துகொண்டே ஏறினாள். பாதி ஏற்றத்தில், கடைசி வீட்டுப் பக்கமிருந்து குக்கர் விசில் கேட்டது. அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி என்னைத் துரத்திவிட்டு, தன் வீட்டில் போய்ச் சமைக்கிறாளா!

வந்து பார்த்தால், மருதாம்பாள் ரேகாவின் சட்டி முன்னாலேயே நின்று துழாவிக்கொண்டிருந்தாள்.

"பார்சல் எதுவும் இல்லீங்க!"

"அப்படியா? சொன்னவங்க மாத்திச் சொல்லியிருப்பாங்க." கரண்டியை வைத்துவிட்டு நடையைக் கட்டினாள்.

ரேகா அவசரமாகக் கொள்ளில் ஒன்றை எடுத்து நசுக்கினாள். விரலோடு குழைந்துபோயிற்று!

நாலு மணி நேரம் வேகாதது முக்கால் மணியில் வெந்துவிட்டதா? சோடா உப்பு எதையாவது போட்டுக் கெடுத்துவிட்டாளோ? நாக்கில் வைத்துப் பார்த்தாள். சுத்தமான கொள்ளு வாசம். யோசிக்க நேரமில்லை. பாதியை மசித்தாள். பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டாள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் சிவக்க வதக்கிக் கொட்டி, மல்லித்தழை கிள்ளிப் போட்டு இறக்கினாள்.

ஐந்து மணிக்கு வாசல் நிறைந்தது. ரொனால்ட் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரையே உற்றுப் பார்த்தார்.

"நெசமாவே சட்டியிலயா வெந்துச்சு?"

"ஏனுங்க சார்?"

"இந்த உயரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சுரும்மா. ஆனா அந்தச் சூடு பத்தாது. கொள்ளெல்லாம் குக்கர் இல்லாம இப்படிக் குழையவே குழையாது. பதினாறு வருஷத்துல நான் பாத்ததில்ல."

"அதத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன்," என்றாள் உமாராணி. "எப்படி ரேகா வேக வெச்ச? மறைக்காமச் சொல்லு."

ஏற்றத்தில் கேட்ட விசில் யாருடைய கொள்ளுக்கு அடித்தது என்று ரேகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் சூடாயிற்று.

"அது வந்துங்கக்கா... நான் வேக வெக்கல. மருதாம்பா அக்கா..."

"மருதாம்பா அக்காவுக்கு என்ன?" மருதாம்பாள் ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தாள். வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "என்ன பெரிய சட்டி! கொள்ளு இன்னொரு கொதி வெந்திருக்கோணும்."

"ஆரம்பிச்சுட்டாங்க!" உமாராணி சீறினாள். "அந்தப் புள்ள காலையில இருந்து அடுப்புகிட்டயே நின்னு, யாராலயும் ஆகாதத செஞ்சு காட்டியிருக்குது. உங்க வாயில ஒரு நல்ல வார்த்தை வருதா?"

"இல்லீங்கக்கா, நான் சொல்றதக் கேளுங்க..." ரேகா முன்னால் வந்தாள்.

மருதாம்பாள் அவள் கால் பெருவிரலை நறுக்கென்று ஒரு மிதி மிதித்து, டம்ளரை நீட்டினாள்.

"பேசாம ஊத்து, அம்மிணி."